கார்த்திகையில் அளந்தது

மோர்ப்பண்ணை இறங்குதளத்தின் வரைபடத்தில்
கடல் ஒரு நீலக் கோடு.
ஸ்கேல் வைத்துப் போட்டேன்,
நேராக வந்தது.

கார்த்திகை மாதம், காலை பதினொரு மணி.
ஜீப்பை அணைக்காமல் இறங்கி
டேப்பைத் தொங்கவிட்டு எழுதிக்கொண்டேன்
ஒரே ஒரு எண்ணை.
அன்றைக்குக் கடல் நிறைசூலி.
உடைமரத்தின் வேர் வரை வந்து
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

நாற்பது மீட்டர் நீளம்.
கான்கிரீட்டைக் கட்டி கட்டியாக வார்த்து
மதுரைக்கு அனுப்பி நசுக்கிப் பார்த்தோம்.
கம்பியை இழுத்துப் பார்த்தோம்.
மணலைச் சலித்து, கலக்கும் தண்ணீரில்
உப்பு எவ்வளவென்று பார்த்தோம்.
நண்டுக் கூடையோடு ஓர் ஆளை
ஏறச் சொல்லிப் பார்க்கவில்லை.

தையில் திறப்பு விழா.
வாழைமரம், மைக்செட், பூந்தி.
கல்வெட்டில் என் பெயர் இல்லையென்று
அன்றைக்கு வருத்தம்.

பங்குனியில் கடல் இறங்கியது.
எல்லாப் பங்குனியிலும் இறங்குமாம்.
வள்ளம் கீழே, தளம் மேலே,
கடைசிப் படி அந்தரத்தில்.
நம்புத்தாய் வள்ளத்தில் நின்று
கூடையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.
விளிம்பு தட்டியது. கூடை சாய்ந்தது.
இருபது கிலோ உயிர் நண்டு
வந்த வழியே போய்விட்டது.
அவள் என்னைத் திட்டவில்லை.
இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி
என் தளத்தைச் சுற்றிக்கொண்டு
பழைய சேற்றுவழியில் கரையேறினாள்.
மறுநாள் எல்லோரும் அப்படியே.
தளத்தில் வலை காய்ந்தது. ஆடுகள் படுத்துக் கிடந்தன.
ஆடுகளுக்கு உயரம் சரியாக இருந்தது.

அடுத்த பங்குனிக்கு
ஒட்டுப்பலகையும் சவுக்குக் கம்புமாக
லாரியில் வந்து இறங்கினேன்.
பலகையில் படி செய்து நிறுத்தி
ஏறிப் பாருங்க என்றேன்.
"எதுல? இந்தப் பொம்மையிலயா?"

ஏறினாள். சரியாக இருந்தது.
இறங்கிப் போய்க் கடற்பாசியை அள்ளி வந்து
படியெல்லாம் அப்பிவிட்டு
மறுபடி ஏறினாள்.
வழுக்கியது.
குறுக்குச் சட்டம் அறைந்தேன்.
"ஏறயில கைப்பிடி இருக்கு,
இறங்கயில எதைப் பிடிக்கிறது?"
அந்தப் பக்கமும் கம்பு நட்டேன்.
எதிரே ஐஸ்பெட்டியோடு இருளாயி வர
இரண்டு பேரும் நடுவில் சிக்கிச்
சிரித்துக்கொண்டு நின்றார்கள்.
பிடுங்கினேன், அகலமாக்கினேன்.
பலகையில் ஆணி பிடுங்க அரை நிமிஷம்.
அந்த நாற்பது மீட்டரை உடைப்பதற்கு
இன்னும் டெண்டரே விடவில்லை.

அலுவலகத்திலிருந்து போன்.
மார்ச் முப்பத்தொன்றுக்குள் முடித்ததாகச் சான்றிதழ் வேண்டும்,
இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும்.
சரி சார், சரி சார்.

பேரிலேயே நம்பு என்று இருக்கிறதே,
இப்போதாவது நம்பலாமா என்று கேட்டேன்.
பலகையைக் காலால் உதைத்துப் பார்த்தாள்.
"வாடை அடிக்கட்டும்."

வாடைக்கு ஏழு மாதம் கிடக்கிறது.
சிமெண்ட் மூட்டைகள் தார்ப்பாய்க்குள்.
மறுபடி அடித்த போனை
அடிக்கவிட்டு,
டேப்பைத் தொங்கவிட்டேன்.
தண்ணீர் நின்ற இடத்தை எழுதினேன்.
பக்கத்தில், இந்த முறை,
தேதியும்.