ஙகரத்துக்கு வேலை

சுங்கை தெராப் கிளினிக்கில்
என் வேலைப் பட்டியலில் மொழிபெயர்ப்பு இல்லை.
தரை துடைக்கலாம், எண் கூப்பிடலாம்,
மூத்திரக் குப்பிக்குப் பெயர் ஒட்டலாம்.
ஆனாலும் தினம் பத்துத் தடவையாவது
கதவைத் திறந்து
"கக் தவமணி, மாசோக் செகெஜாப்" என்பார்
கிளந்தான்கார டாக்டர் நிக் அஸ்வானி.

உள்ளே, லயத்து வீராயி
"வலியில்ல புள்ள, கொடைச்சல். அப்படியே சொல்லு" என்கிறாள்.
சாகிட், என்கிறேன்.
அடுத்தவருக்குக் கடுப்பு. சாகிட்.
அவர் மச்சானுக்கு விண்ணுவிண்ணென்று தெறிக்கிறது.
சாகிட் லா, டாக்டர்.
தினுசு தினுசாய் வாங்கி
ஒரே பொட்டலமாய்க் கட்டித் தருகிற கடைக்காரி நான்.

மலாய் ஏழை மொழி என்று நினைத்திருந்தேன்,
பன்னிரண்டு வருஷம்.
ஒருநாள் பொறுமையிழந்து டாக்டர் விரல் மடக்கினார்:
லெங்கோ. பெடிஹ். செனாக். ஙிலு.
எல்லாம் இருந்திருக்கிறது.
ஏழை நான்தான்.

ஙிலு என்றால்
எலும்புக்குள் ஈரக்காற்று நடப்பது.
அன்றிரவு மகனின் பாடநூலைப் புரட்டினேன்.
ங-வுக்கு முன்னால் நிற்க ஒரு சொல் இல்லை,
சங்குக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தார்கள்.
எத்தனை தலைமுறையாய் அட்டையில்
சும்மா நின்ற எழுத்துக்கு
என் முழங்கால் வேலை போட்டுக் கொடுத்தது.

போன செவ்வாய் ஒரு வங்காளதேசப் பையன்,
ரஃபிகுல். செம்பனை அரிவாள்
முழங்கையில் இறங்கியிருந்தது.
மலாய் நாலே வார்த்தை என்று கையைக் காட்டினான்.
எனக்கு வங்காளம் அதுகூட இல்லை.
டாக்டர் என்னைப் பார்க்க, நான் சுவரைப் பார்க்க,
"அக்கா, சுரீர்னு எரியுது" என்றான் பையன்.
தொடர்ந்து குலையை, அரிவாளை, மழையை, மரத்தை
ஒவ்வொன்றையும் ஒரு கெட்ட வார்த்தையோடு.
மண்டோரிடம் கற்ற தமிழ்.
வசவு இல்லாமல் வாக்கியம் முடியாது,
அதுதான் இலக்கணம் என்று நம்பியிருக்கிறான்.
பெடிஹ், என்றேன் டாக்டரிடம், சரியாக.
மண்டோரின் வாயை மட்டும் விட்டுவிட்டேன்.

கணினியில் ஒரு பெட்டி: நோயாளியின் மொழி.
ஒன்றைத்தான் தட்டலாம்.
நாடு வங்காளதேசம் என்று ஏற்கெனவே அடித்தாயிற்று.
தமிழ் என்று தட்டினேன்.
நிச்சயமா, என்று சிவப்பில் கேட்டது.
வெளியே இரும்புக்கடை ஆ சூன்
"ஐம்பத்து மூணு எப்பம்மா? பொழுது போயிரும்" என்று
தமிழில் கத்திக்கொண்டிருந்தார்.
நிச்சயம்தான்.

ஏழு தையல்.
கட்டுப் போட்டு முடிந்ததும் பையன்
என் பக்கம் திரும்பவேயில்லை.
"எம்.சி.?" என்றான், நேரே டாக்டரிடம்.
"துவா ஹாரி."
"தீகா," என்றான்.
நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.