கொருக்குப்பேட்டை கேட்

முப்பத்தியோரு முறை.
எண்ணியது நானில்லை, தயாளன்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி
சிலிண்டர் வால்வை நான் தொட்டு வரும் ஒவ்வொரு நடைக்கும்
ஒரு விரல் மடக்கி.
"மூடித்தாம்மே கீது" என்றார் முதல் வருஷம்.
இரண்டாம் வருஷம் ரெகுலேட்டரைக் கழற்றித்
தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.
தலையணையைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

பகலில் நான் ரேஷன் கடையில் அரிசி எடை போடுகிறவள்.
எண் நின்றதும் அடுத்த கார்டு.
ஒரு பையைக்கூடத் திரும்ப ஏற்றியதில்லை.
சந்தேகமெல்லாம் வாங்குகிற ஜனங்களுக்கு.
அப்புறம் சமையற்கட்டில் மட்டும்
எனக்கு என்ன வந்தது?

கயிறு மந்திரித்தார்கள்.
ஜெபித்த எண்ணெய் கொடுத்தாள் பக்கத்து வீட்டு ஃப்ளாரன்ஸ்.
கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தேன்,
எண்ணெய்க் குப்பியின் மூடியையும்.

ஸ்டான்லியில் எழுபத்தேழாம் டோக்கன்.
சின்ன வயசு டாக்டர், கசிகிற பேனா.
ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஒரு தலை வரைந்தார்.
மூக்கு மறந்துபோனது.
கண்ணுக்கு மேலே, நெற்றி எலும்புக்குப் பின்னால் ஒரு புள்ளி:
'ஏதோ தப்பு' என்று முதலில் மணியடிப்பது இது.
நடுவில் வாலோடு ஒன்று:
வேண்டாத மணியை அங்கேயே நிறுத்தும் கேட்.
உள்ளே ஆழத்தில் ஒரு முட்டை, தலாமஸ்:
வந்ததை மறுபடி நெற்றிக்கே அனுப்பும் ஜங்ஷன்.
"உங்களுக்கு அந்த கேட் சரியா மூடலன்னு நினைக்கிறோம்மா."

கேட் என்றால் எனக்குத் தெரியும் சார்,
நான் கொருக்குப்பேட்டை.
எங்கள் கேட்டுக்கு மூடத்தான் தெரியும், திறக்கத் தெரியாது.
ஹார்பர் போகும் கூட்ஸை எண்ணிக்கொண்டே
ஆட்டோவில் பிள்ளை பெற்றவள் உண்டு.
அவர் சிரித்தார். நானும்.
ஆறு வருஷத்தில் இதைப் பேசிச் சிரித்தது அன்றுதான்.

செரட்டோனின் என்றார். பரம்பரையும் கொஞ்சம் என்றார்.
"கொஞ்சம்னா?"
பேனாவை மூடித் திறந்தார்.
"முழுசா இன்னும் யாருக்கும் தெரியாதும்மா."
அதை மட்டும் திரும்பக் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா காசிமேட்டில் ஐஸ் உடைத்தவர்.
வீடு வந்தால் கால் கழுவுவார்,
குழாயடியில் சண்டை மூளும்வரை கழுவுவார்.
சுத்தக்காரன் என்று பட்டப்பேர்.
அவருக்கு யாரும் தலை வரைந்து காட்டவில்லை.

மாத்திரை.
ஆறு வாரம் வாய் உலர்ந்தது, வேறொன்றுமில்லை.
ஒன்பதாம் வாரம் பதினான்கு. பிறகு ஆறு.
மணி அடித்தால் அடிக்கட்டும், எழுந்து போகாதே
என்றார் கவுன்சிலிங் அம்மா.
உட்கார்ந்திருந்தேன், தொடையில் நகம் பதிய.

மார்கழியில் ஒரு ராத்திரி
வாடைக்காற்றில் நிஜமாகவே ஒரு நாற்றம்.
அழுகின முட்டை, கூடவே கொஞ்சம் மண்ணெண்ணெய்.
நான் எழவில்லை.
இது கேட், இது வெறும் கேட் என்று
ஃபேனைப் பார்த்தபடி கிடந்தேன்.

தெரு எழுந்தது.
"கேஸு! கேஸு!" நைட்டியோடு ஓடினாள் ஃப்ளாரன்ஸ்.
வீட்டுக்கு வீடு விளக்கு.
வீட்டுக்கு வீடு ஒரு கை வால்வைத் திருகியது,
வெளியே வந்தது,
நின்றது,
உள்ளே போய் மறுபடி திருகியது.
தயாளன் நான்கு முறை. நான் விரல் மடக்கினேன்.
மணலிப் பக்கம் ஏதோ குழாயாம்,
போலீஸ் ஜீப் மைக்கில் சொல்லிப் போனது.
ஒரு மணிநேரம்
எங்கள் தெரு முழுக்க என் தலை.

விடிந்ததும் பால் பாக்கெட், கோலமாவுக்காரன்.
ஃப்ளாரன்ஸ் டீ போட்டாள், அடுப்பை அணைத்தாள்,
திரும்பிப் பாராமல் கம்பெனிக்குப் போனாள்.
அதே மணிதான் அவளுக்கும் அடித்தது.
அவளுக்கு மூடிக்கொண்டது.

ஓ.பி. சீட்டைத் தேடி எடுத்தேன்.
அந்தத் தலைக்கு ஒரு மூக்கு வரைந்தேன்.
கோணல். இருக்கட்டும்.

கடைக்குப் போகிற வழியில்
கேட் விழுந்திருந்தது.
ஐம்பத்திரண்டு வேகன், கடைசியில் கார்டு பெட்டி.
பேனாவை மூடினேனா?