காற்றுக்குக் காசு வாங்குவதில்லை

புந்தா அரேனாஸில் காற்றுக்குப் பஞ்சமில்லை.
நவம்பரில் தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
ஆட்கள் சாயாமல் பிடித்துக்கொண்டு நடக்க.
அந்த ஊரில்தான்
எனக்கு மூச்சு போதவில்லை.

முதலில் மாடிப்படி.
பிறகு காலணி நாடா.
பிறகு ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி
மேசையைப் பிடித்துக்கொண்டு
மீதி அப்புறம் என்று கையால் காட்டுவது.
நிபால்தோ மீதிக்காகக் காத்திருப்பார்.
சில மீதிகளை நான் சொல்லவே இல்லை.

இருபத்தாறு வருஷமாக டயர் கடை எங்களுக்கு.
அதனால்தான்,
நர்ஸ் யாஸ்னா என் தோளைப் பிடித்துக்கொள்ள
முதுகில் ஊசி இறக்கி
நுரையீரலைச் சுற்றியிருந்த நீரை எடுத்தபோது
(ஒன்றேகால் லிட்டர், ஆறிப்போன தேநீர் நிறம்)
தொழில் புத்தியில் கேட்டேன்:
ஓட்டை எங்கே?

ஓட்டை இல்லையாம்.
சினைப்பையில் தொடங்கியது
வயிறெங்கும் உப்புத் தூவியதுபோல் இறைந்து
உதரவிதானம் வரை வந்துவிட்டதாம்.
நீர் அங்கே தானாக ஊறுமாம்.

அன்றிரவு மல்லாந்து படுத்துத் தூங்கினேன்.
பதினோரு நாள்.
பிறகு மறுபடியும் நாற்காலி, நான்கு தலையணை.

உதட்டைக் குவித்து
சூடான சூப்பை ஆற்றுவதுபோல் ஊதச் சொன்னாள் யாஸ்னா.
இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும்.
பேட்டரியில் ஓடும் குட்டி விசிறி ஒன்று
கன்னத்துக்கு நேரே.
வெளியே தகரக் கூரைகளைப் பெயர்க்கும் காற்று,
உள்ளே நான் பொம்மை விசிறியோடு.
சிரிப்பு வந்தது.
சிரித்ததற்கும் மூச்சு வாங்கியது.

மூன்று சுற்றுக் கீமோ முடிந்ததும்
டாக்டர் பரிசிச் ஒரு தாளில் என் வயிற்றை வரைந்தார்.
நெஞ்செலும்பின் கீழிருந்து அடிவயிறு வரை ஒரு கோடு.
"கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் எடுத்துவிடுவோம்."
தெரியாததை?
பேனாவை மூடினார்.
ஒட்டு எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்கும் லாரிக்காரரிடம்
நானும் இப்படித்தான்
கையைத் துணியில் துடைத்துக்கொள்வேன்.

கத்திக்கு எனக்குப் பயமில்லை.
மயக்கத்துக்குத்தான்.
யாரோ என் மூச்சை வாங்கி
ஆறு மணி நேரம் ஓர் இயந்திரத்தில் வைத்திருப்பார்.
இத்தனை மாதம் ஒவ்வொன்றாக எண்ணிச் செலவழித்ததை
ரசீதில்லாமல் மொத்தமாகக் கொடுக்க வேண்டும்.
நிபால்தோவிடம் இதைப் பற்றி
மூச்சு விடவில்லை.
மூச்சுக்கு முந்நூறு தரம் "நல்லபடியா முடியும்" என்கிறவரிடம்
எந்த மூச்சில் சொல்ல?

ஞாயிறு இரவு, கடை அடைத்த பிறகு
ரியோ காயேகோஸ் போகும் கம்பளி லாரி ஒன்று நொண்டி வந்தது.
நான் நாற்காலியில்.
நிபால்தோ சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே வந்தார்.
அங்கே இல்லை என்றேன். வால்வுக்குப் பக்கத்தில்.
ஒரு குமிழ் முளைத்தது.
என் நெஞ்சின் இரைச்சலைத் தாண்டியும்
அந்தச் சீறல் எனக்குக் கேட்டிருந்தது.

"உங்களுக்கு ஏன் இப்படி இரைக்குது?" என்றார் ஓட்டுநர்.
இனி பார்க்கப்போகாத முகம்.
சொல்லிவிட்டேன்.
புற்று, கோடு, ஆறு மணி நேரம்,
திருப்பித் தராமல் போய்விட்டால் என்பதும்.
நடுவில் நான்கு தடவை நிறுத்தி, ஆனால் முழுசாக.

நிபால்தோ டயருக்குப் பின்னால் இருந்தார்.
பஞ்சிலிருந்து சோப்பு நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

என்ன சொல்வதென்று தெரியாமல் ஓட்டுநர்
காசை அதிகமாக வைத்தார்.
காற்றுக்கு வாங்குவதில்லை என்று
மீதியைத் திருப்பிக் கொடுத்தேன்.

லாரி போனதும் நிபால்தோ கம்ப்ரஸரை அணைத்தார்.
"எனக்கும்" என்றார்.
அதற்குமேல் வரவில்லை.
மீதிக்காக இந்தத் தடவை
நான் காத்திருந்தேன்.

செவ்வாய் காலை ஏழு மணி, வெறும் வயிறு.
கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்:
வெள்ளிக்கிழமை கம்பளி லாரி திரும்பும்,
ஒட்டைச் சரிபார்க்கணும்.
யார் என்று எழுதவில்லை.