கதவோரப் பை

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை.
மகளின் பழைய பள்ளிப்பை,
ஒரு பல் உடைந்த ஜிப்,
ஜெலுத்தோங் சந்தையில் வாங்கிய
கனத்த பிளாஸ்டிக் உறைகள் ஆறு.

முதலில் காகிதங்கள்.
பிறப்புப் பத்திரம் மூன்று,
கல்யாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம்,
கோகிலவாணியின் மருத்துவமனைப் புத்தகம்.
உறைக்குள் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடினேன்.
அரசாங்கத்துக்குத் தெரிந்த நாங்கள் மூவரும்
சேர்ந்து அரைக் கிலோகூட இல்லை.

பிறகு கைவிளக்கு, வயிற்றில் இரண்டு பேட்டரியோடு.
கிரீம் கிராக்கர் ஒரு டின்.
மெகி வேண்டாம், வெந்நீருக்கு எங்கே போவது என்றேன்.
வெறும் வாயில் நொறுக்கலாம் என்றார் நித்தியவேள்.
வைத்தோம்.

சுங்கை பினாங் எங்கள் புளோக்கிலிருந்து
இருநூறு எட்டு,
வெயில் நாளில் நாம் நடந்து போனால்.
மழை நாளில் அதுவே நடந்து வரும்.
போன தடவை இடுப்பளவு.
குளிர்பெட்டி மல்லாந்து மிதந்தது.
மெத்தை தண்ணீரைக் குடித்துக் குடித்து
நான்கு பேர் தூக்கியும் அசையவில்லை.
சுவரில் அந்தப் பழுப்புக் கோட்டின்மேல்
இரண்டு முறை சாயம் பூசிவிட்டோம்.
அது திரும்பத் திரும்ப மேலே வருகிறது.

பைக்குள் வைக்க முடியாதவற்றை
ஒரு தாளில் எழுதி
பையின் முதுகில் ஒட்டினேன்:
குளிர்பெட்டிக் கதவில் இன்சுலின், ஐஸ் கட்டியோடு.
மெயின் சுவிட்ச். கேஸ்.
பூனை, வந்தால்.
எதிர்வீட்டு சூய் லான் ஆன்ட்டி.
பலமாகத் தட்டவும், காது மந்தம்.

நவம்பரில்
டிவி ரிமோட்டுக்கு பேட்டரி போனது.
நாளைக்கு வாங்கி வைக்கலாம்.
இரவு வேலை முடிந்து வந்தவரின் பசிக்கு
மெகி போனது.
நாளைக்கு.
அவசரத்துக்கென்று மடித்து வைத்த ஐம்பது ரிங்கிட்
எந்த அவசரத்துக்குப் போனதோ, நினைவில்லை.
கத்தரிக்கோல் தானே எழுந்து
சமையலறைக்குப் போயிருந்தது.
பை மட்டும் கதவோரம்
நிறைந்த பை போலவே நின்றது.

பதினேழாம் தேதி, விடியற்காலை மூன்றே கால்.
குளியலறைத் துளையிலிருந்துதான் முதலில்,
யாரோ தொண்டையைச் செருமுவது போல.
கால் வைத்தேன். தரை குளிர்ந்து நகர்ந்தது.
நித்தியவேள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்.
மெயினை இறக்கினேன்.
இருட்டு.
கைவிளக்கை அழுத்தினேன்.
அழுத்தினேன்.
ரிமோட் ஞாபகம் வந்தது.

இன்சுலினைக் கோகி எடுத்துவிட்டாள்.
பதினோரு வயது. அவள் மருந்து,
தாளெல்லாம் அவளுக்குத் தேவையில்லை.

எதிர்க்கதவை உள்ளங்கையால் தட்டினேன்,
பிறகு முட்டியால்,
பிறகு செருப்பால்.
திறந்தது.
சூய் லான் ஆன்ட்டி தலைவாரி, பவுடர் பூசி,
கல்யாண வீட்டுக்குக் கிளம்பினவர் போல
கைப்பையோடு நின்றார்.
'லம்பாட்' என்றார்.
ஆமாம், தாமதம்தான்.
அவர் கைவிளக்கு எரிந்தது.
அந்த வெளிச்சத்தின் பின்னால்தான் படியேறினோம்.

இரண்டாம் மாடி வளைவில் உட்கார்ந்து
கிராக்கர் டின்னைத் திறந்தேன்.
ஐந்து இருந்தது.
கோகி சுவரைப் பார்த்தாள்.
நான் எதுவும் கேட்கவில்லை,
ரிமோட்டை நானும் சொல்லவில்லையே.

கீழே தண்ணீர் ஒரு படி ஏறியது.
இன்னொரு படி.
மூன்றாவதின் விளிம்பை நக்கிக்கொண்டு
அங்கேயே நின்றது.
எப்போதோ பூனை வந்து
ஆன்ட்டியின் மடியில் ஈரத்தோடு ஏறியது.
அவர் பாவாடையை உதறவில்லை.

ஆறு மணிக்கு நித்தியவேள் அழைத்தார்.
எங்கே இருக்கிறீர்கள், கோகி எங்கே,
தண்ணீர் எவ்வளவு.
எல்லாவற்றுக்கும் முன்னால் என் வாயில் வந்தது
'பேட்டரி வாங்கிக்கிட்டு வாங்க.'
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, என்ன சைஸ் என்றார்.
கைவிளக்கைத் திருகித் திறந்து
காலிக் குழிக்குள் விரலை விட்டு
அளந்துகொண்டிருந்தேன்.