அடுத்த படம்

கவுஞ்சி கிராம சபையில்
ரேஞ்சர் படம் காட்டினார்.
சீகை அந்நிய மரமாம்,
புல்மலையை விழுங்கிவிட்டதாம்.

"உருளைக்கிழங்கு மட்டும் என்ன,
நம்ம தாய்மாமனா?" என்றான் வேலுமயில்.
கூட்டம் சிரித்தது. ரேஞ்சரும் சிரித்தார்.

சீகை விறகை வாசலில் இறக்கிவிட்டு வந்த அழகுத்தாய்
சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டே சொன்னாள்:
"கிழங்கு நாம குழி பறிச்சாத்தான் வரும்.
போன வருசம் தீ விழுந்த சரிவுல
ஒருத்தரும் கூப்பிடாம
இது இடுப்பு உசரம் நிக்குது.
அதுக்குக் கீழ எங்க ஊத்து.
குடம் முங்கின இடத்துல
இப்ப சொம்பால மொண்டு ஊத்துறோம்."

யாரும் சிரிக்கவில்லை.

தீர்மான நோட்டு அவள் கைக்கு வந்தது.
பேனா மூடியைக் கழற்றினாள், எழுதவில்லை.
"வெட்டுங்க. வேணாங்கல.
ஐப்பசி மழைக்கு
எங்க அடுப்புல எதை வைக்க?"

ரேஞ்சர் அடுத்த படத்துக்குப் பொத்தானை அமுக்கினார்.
சுவரில் வெறும் வெளிச்சம்.