பத்து நாள்

விதை டப்பாவில் வந்தது.
டப்பாமேல் ஒரு நாட்டின் பெயர்,
எங்கள் வாயில் நுழையவில்லை.
விலை நுழைந்தது, அடகுக் கடை வரைக்கும்.

கேத்தி பாலாடாவில்
கழுவும் மெஷின் இரவு ஒரு மணிக்குத் தொடங்கும்.
இரும்பு உருளைக்குள் புரண்டு புரண்டு
மண்ணை மறந்து வெளியே விழும் கேரட்.
கால் பிளந்தது தனி.
கல்லைச் சுற்றி நடந்த வேர் அது;
கம்பெனிக்காரன் செயலியில் அதற்குச் சிவப்புப் புள்ளி.

விலை மட்டும் கடைசியில் வரும்,
மேட்டுப்பாளையத்திலிருந்து, போனில்,
மூட்டைகள் எல்லா வளைவும் இறங்கிய பிறகு.
பிடுங்கிய வேரைத் திரும்ப நட முடியுமா?

போன செவ்வாய் சாந்தலாதான் கேட்டாள்:
"பிடுங்காமலே இருந்தால்?"
யாரும் சிரிக்கவில்லை.
அதற்குக் கடன் வேண்டாம், கரண்ட் வேண்டாம்,
கை சும்மா இருந்தால் போதும்.
கை சும்மா இருப்பதுதான் கஷ்டம்.
நாற்பத்தோரு தோட்டம்,
ஒரு வாட்ஸ்அப் குழு,
அதில் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே
"நானும் பிடுங்கலை", "நானும்".

மயில்சாமி காலி லாரியில்
தார்ப்பாய் விரித்துத் தூங்கினார்.
மெஷின் வெறும் தண்ணீரைக் கழுவியது.
மூன்றாம் நாள்
முதல்முறையாகப் பிடுங்குமுன் விலை வந்தது.
கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட.
போதாது என்றாள்.

மண்ணுக்குள் கேரட் பத்து நாள் பொறுக்கும்.
பதினோராம் நாள் வெடிக்கும்.
மழை வந்தால் அதற்கும் முன்னே.
எங்கள் கையில் இருப்பது அவ்வளவுதான்,
மண்டிக்காரருக்கும் அது தெரியும்.

இன்று ஏழு.
கோத்தகிரிப் பக்கம் கறுத்து வருகிறது.
போன் அடிக்கிறது.
சாந்தலா பெயரைப் பார்த்துவிட்டு
அடுப்பில் பாலைக் கவனிக்கிறாள்.
இன்னொரு தரம் அடிக்கட்டும்.