கார்பன் தாள்

எழுதிக்கொள்ளுங்கள்: எதெல்மிரா பர்ரியா.
ஆயர் இல்லத்தில் முப்பத்தொரு ஆண்டுகள்,
முதல் பதினெட்டும் தட்டச்சுப்பொறியில்.

'உடல்நலம் கருதி' என்று அடிக்க
என் விரல்களுக்குக் கண் வேண்டாம்.
உடல்நலம் கருதி, தந்தை பல்தசார்
புந்தா கலேரா பங்குக்கு மாற்றப்படுகிறார்.
உடல்நலம் கருதி, அங்கிருந்து
மலையடிவார விடுதிப் பள்ளிக்கு.
திடமான மனிதர்.
அவர் இருமிக்கூட நான் கேட்டதில்லை.

யாருடைய உடல், யாருடைய நலம் என்று
கேட்காமலிருக்கத்தான் சம்பளம்.
கேட்காமலே இருந்தேன்.
இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு ஜூலையில் நிக்கானோரின் அம்மா வந்தாள்,
சிப்பி ஆலையின் உப்பு வாடையோடு.
எங்கள் தெற்கில் மழைக்கு ஓய்வு கிடையாது, தெரியுமே.
மூன்று மணி நேரம் நனைந்த கோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.
செயலர் வந்தார்,
"ஜெபிப்போம், செனோரா" என்றார்,
போய்விட்டார்.
அவள் எழுந்துபோன நாற்காலியில்
தண்ணீர் தேங்கிக் கிடந்தது.
நான்தான் துடைத்தேன்.

போன மாதம்,
சாந்தியாகோவிலிருந்து நீங்கள் வருவதாகத் தெரிந்ததும்
சமையலறை அடுப்பு இரண்டு நாள் அணையவில்லை.
அன்றைக்கே ஓர் அறிக்கை:
'எங்கள் கதவுகள் எப்போதும் திறந்தே இருக்கின்றன.'
அதையும் நான்தான் அடித்தேன்.
பொய்யில்லை. திறந்தேதான் இருந்தன.
புகை வெளியே போக வேண்டுமே.

ஆனால் கார்பன் தாளை யாரும் கணக்கில் வைப்பதில்லை.
தேய்ந்ததை வீசு என்பார்கள்.
நான் தங்கை ரொசால்பாவிடம் கொண்டுபோவேன்.
தையல்காரி; துணியில் கோடு எடுக்க அது போதும் அவளுக்கு.
இந்த ஊர்ப் பிள்ளைகளின் புதுநன்மைச் சட்டைகள்
எல்லாம் அவள் தைத்தவை.
நிக்கானோருடையதும்.

இதோ, பிஸ்கட் டப்பா. மூடி கொஞ்சம் இறுக்கம்.
ஒன்றை எடுத்து ஜன்னலில் வைத்துப் பாருங்கள்.
எழுத்து விழுந்த இடத்தில் மை போய்விட்டிருக்கும்,
அதன் வழியே வெளிச்சம் வரும்.
நாலைந்து கடிதங்கள் ஒன்றன்மேல் ஒன்று,
குறுக்கே ஒரு காலர், அரை கஜத்தில் ஒரு கை.
ஏழு வயதுக்கான அளவு.
பொறுமை வேண்டும், பெயர்கள் பிடிபடும்.

ஒவ்வொரு கடிதத்தின் காலடியிலும்
இடது ஓரமாக
இரண்டு பொடி எழுத்துகள் இருக்கும், எ.ப. என்று.
தட்டச்சு செய்தவரின் அடையாளம், வழக்கம் அது.
அவற்றை விட்டுவிட்டுப் படிக்காதீர்கள்.